ஆர்தர் சாமுவேல்

ஆர்தர் லீ சாமுவேல் (டிசம்பர் 5, 1901 - ஜூலை 29, 1990) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மின்பொறியியலாளரும் கணினி அறிவியலாளரும் ஆவார். செக்கர்ஸ் என்னும் பலகை ஆட்டத்தை ஆடுவதோடு, ஆடி ஆடித் தன் திறனைத் தானே உயர்த்திக்கொள்ளும் கணினி நிரலை எழுதியவர். இயந்திரக் கற்றல் என்ற துறைப்பெயர் இவரது 1959 ஆம் ஆண்டுக் கட்டுரையின் வழியாகவே பரவியது.

வாழ்க்கை

கான்சஸ் மாநிலத்தின் எம்போரியா நகரில் பிறந்தார். 1926 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்று, 1928 இல் பெல் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அங்கு வெற்றிடக் குழல்களை ஆராய்ந்த இவர், இரண்டாம் உலகப் போரின்போது ராடார் கருவிகளை மேம்படுத்துவதில் ஈடுபட்டார். 1946 இல் இலினொய் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கு கணினி ஒன்றை உருவாக்கும் முயற்சிக்குப் பணம் தேவைப்பட்டது. செக்கர்ஸ் ஆடும் சிறு கணினி ஒன்றைச் செய்து காட்டினால் பலரது கவனமும் நிதியும் கிட்டும் என்று எண்ணினார். அது எளிய வேலை என்றே அப்போது கருதினார். ஆனால் அவ்வேலை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 1949 இல் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்து, அதன் 701 கணினிக்கு நிரலை எழுதினார்.

செக்கர்ஸ் நிரல்

செக்கர்ஸ், சதுரங்கப் பலகையின் 32 கருங்கட்டங்களில் ஆளுக்கு 12 காய்களுடன் ஆடப்படுவது. விதிகள் எளியவை. எனினும் எல்லா நகர்த்தல்களையும் இறுதிவரை ஆராய்வது அக்காலக் கணினிகளால் இயலாத செயல். ஆகவே நிரல் சில நகர்த்தல்கள் மட்டும் முன்னோக்கிப் பார்த்து, அங்கு எழும் நிலைக்கு மதிப்பெண் இட்டது. காய்களின் எண்ணிக்கை, நடுக்கட்டங்களின் மீதான பிடி போன்ற கூறுகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை உண்டு. இவ்வெடைகளை மனிதர் நிர்ணயிக்காமல் நிரலே கண்டறியச் செய்ததே சாமுவேலின் சாதனை. நிரலின் இரு படிகள் ஒன்றோடொன்று ஆடின. ஒன்று தன் எடைகளைத் திருத்திக்கொண்டே வர, மற்றது மாறாமல் நின்றது. முந்தையது தொடர்ந்து வென்றால் அதன் எடைகள் பிந்தையதற்கும் வழங்கப்பட்டன. முன்பு கண்ட நிலைகளை மதிப்பெண்ணுடன் நினைவில் வைத்திருக்கும் மற்றொரு முறையையும் சோதித்தார். எட்டு முதல் பத்து மணிநேர ஆட்டத்திலேயே தன்னை எழுதியவரை விடச் சிறப்பாக ஆட ஒரு நிரலால் கற்க முடியும் என்பதை 1959 கட்டுரை காட்டியது.

1956 பெப்ரவரி 24 அன்று நிரலின் ஆட்டம் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. 1962 இல் பார்வையற்ற ஆட்டக்காரரான ராபர்ட் நீலியை அது ஓர் ஆட்டத்தில் வென்றது. இவ்வெற்றி அளவுக்கு மீறிப் புகழப்பட்டது என்றே கூற வேண்டும். நீலி முதல் வரிசை ஆட்டக்காரர் அல்லர். மறு ஆண்டு நடந்த தொடரில் அவரே வென்றார், அச்செய்தி அதிகம் பேசப்படவில்லை. 1966 இல் உலகின் முன்னணி வீரர்களான வால்டர் ஹெல்மன், டெரெக் ஓல்ட்பரி ஆகியோருடன் ஆடிய எட்டு ஆட்டங்களிலும் நிரல் தோற்றது. ஆயினும் செக்கர்ஸ் முற்றாகத் தீர்க்கப்பட்டுவிட்டது என்ற தவறான எண்ணம் நிலைபெற்று, இவ்வாட்டத்தைப் பற்றிய ஆய்வு நெடுநாள் பின்தங்கியது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஷேஃபர் குழுவினர் 2007 இல்தான் அதைத் தீர்த்தனர்: இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமநிலையில் முடியும்.

பிற்காலம்

1966 இல் ஐபிஎம்மிலிருந்து ஓய்வுபெற்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். டொனால்ட் குனூத் உருவாக்கிய டெக் அச்சுக்கோப்பு மென்பொருளுக்குத் தொடக்கநிலைக் கையேடு எழுதினார். 1987 இல் கணினி முன்னோடி விருது பெற்றார். எண்பது வயதைக் கடந்த பின்னரும் நிரல் எழுதி வந்த இவர், பார்க்கின்சன் நோயால் ஏற்பட்ட சிக்கல்களால் 1990 இல் காலமானார்.