ஹகீம் அஜ்மல்கானும் மூளையின் வரைபடமும்

கொல்லிமலைக்குச் சென்று திரும்பும் அன்பர்கள் அங்குள்ள மூலிகைகளின் மகிமையைப் பேசாதிருப்பதில்லை. சித்தர்கள் வாழ்ந்த மலை என்கிறார்கள், நாம் மறுக்கவில்லை. ஆயினும் மூலிகையைப் புகழ்வது வேறு, பரீட்சைக்கு உட்படுத்துவது வேறு. பின்னதைத் துணிந்து செய்வித்த ஒரு வைத்தியரின் சரித்திரத்தை நம் தேசத்தொண்டர்கள் அறிவது அவசியமென்று கருதுகிறோம்.

ஹகீம் அஜ்மல்கான் 1868-ல் டில்லியில், பரம்பரை யூனானி வைத்தியர் குடும்பத்தில் தோன்றினார். சர்க்கார் அளித்த பட்டத்தை 1920-ல் துறந்தார். மறு ஆண்டு, சித்தரஞ்சன் தாஸ் சிறையிலிருந்தமையால், அகமதாபாத் காங்கிரஸுக்கு இவரே தலைமை வகித்தார். இவை பலரும் அறிந்தவை. நாம் சொல்ல விரும்புவது வேறு.

அவர் நிறுவிய ஆயுர்வேத யூனானி திப்பியா கல்லூரியை 1921-ல் காந்தியடிகள் திறந்துவைத்தார். முன்னோர் மருந்தை இக்காலச் சாஸ்திரமும் சோதிக்கவேண்டுமென்பது ஹகீமின் கொள்கை. தம் மரபு சோதனையில் தோற்குமோ என்று அவர் அஞ்சவில்லை. இன்று நம்மில் பலருக்கு அந்தத் துணிவு இல்லை. ஜெர்மனியில் ரசாயனம் பயின்ற சலீமுஸ்ஸமான் சித்திக்கிக்குப் பொருளுதவி செய்தார். 1927 டிசம்பரில் ஹகீம் காலமானார். தாயகம் திரும்பிய சித்திக்கி, சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்த சத்துக்கு 1931-ல் அஜ்மலின் என்று பெயரிட்டார்.

அதே வேரிலிருந்து 1952-ல் ஸ்விட்ஜர்லாந்தில் ரிஸர்பின் கிடைத்தது. அது மூளை நரம்புகளிலுள்ள நார்அட்ரினலின் என்ற பொருளை வற்றச் செய்வது பிறகு விளங்கிற்று. அட்ரினலினையும் அதையும் ஏற்கும் ஏற்பிகள் ஆல்பா, பீட்டா என இருவகை என்று 1948-லேயே அமெரிக்கரான ஆல்குவிஸ்ட் காட்டியிருந்தார். மூளையில் எவ்வகை எங்குள்ளது?

இங்கும் அவ்வினத்துச் செடியே உதவிற்று. பாம்புகளாச் செடியிலுள்ள ரௌவால்ஸின் பெரும்பாலும் ஆல்பா-2 என்ற உட்பிரிவையே பற்றும். அதில் கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து, மூளையின் மெல்லிய சீவல்களை அதில் நனைத்துக் கழுவி, புகைப்படச் சுருளோடு ஒட்டிவைத்தால், ஏற்பிகள் உள்ள இடம் கறுக்கும். வேறு பொருள்களைக் கொண்டு எலியின் பெருமூளையில் பீட்டா-1 மிகுதியென்றும், சிறுமூளையில் பீட்டா-2 மிகுதியென்றும் அறிந்தனர். ஆல்பா-2 நெருங்கியுள்ள இடங்களுள் ஒன்று, மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்னும் சிறு நீலத்திட்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியை உறங்கவைக்கும் டெக்ஸ்மெடிடோமிடின் என்னும் மருந்து முக்கியமாக அத்திட்டிலேயே வேலைசெய்கிறது.