கொசுவின் குட்டை உடைத்த டாக்டர்

மலேரியா காய்ச்சல் கொசுக்கடியால் வருகிறது. இதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். ஆனால் இதைக் கண்டுபிடிக்க ஒரு ராணுவ டாக்டர் பல ஆண்டுகள் பாடுபட்டார். கொசுவைப் பற்றி அவர் முதல் பாடம் கற்ற இடம் நமது பெங்களூர்!

அவர்தான் சர் ரொனால்டு ராஸ்.

1857-ம் ஆண்டு மே 13-ந்தேதி இமயமலையில் உள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. மகனுக்குக் கவிதையிலும் கணக்கிலும் ஆசை. தந்தை சொல்லைத் தட்ட முடியாமல் லண்டனில் மருத்துவம் படித்தார். 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

தொட்டித் தண்ணீர்

1883-ல் பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு ராணுவ டாக்டராக வந்தார். ரிச்சர்ட்ஸ் டவுன் என்ற பேட்டையே உருவாகாத காலம் அது.

அவர் தங்கிய பங்களாவில் கொசுத்தொல்லை தாங்க முடியவில்லை. அவர் அறையில்தான் அதிகம். காரணம் என்ன என்று தேடினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது.

பூந்தொட்டிகளில் தேங்கும் தண்ணீரையும் கொட்டிவிடலாம் என்று ஓர் அதிகாரியிடம் யோசனை சொன்னார். அவர் ஏற்கவில்லை. கொசுவும் ஏதோ ஒரு காரணத்துக்காகப் படைக்கப்பட்டது, பொறுத்துக்கொள்வதே நம் கடமை என்று சொல்லிவிட்டார்!

தவறான கொசு

மலேரியாக் கிருமியை 1880-ல் பிரெஞ்சு டாக்டர் லாவரன் நோயாளியின் ரத்தத்தில் கண்டார். அது கொசு மூலம் பரவலாம் என்று 1894-ல் டாக்டர் மான்சன் ராசுக்கு எடுத்துச் சொன்னார். ஆனால் கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று இருவரும் தவறாக எண்ணினார்கள்.

1895 முதல் ராஸ் கொசுக்களின் வயிற்றை அறுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். இரண்டு ஆண்டுகள் பலனில்லை. எல்லாக் கொசுவும் மலேரியாவைப் பரப்புவதில்லை. அவர் அறுத்துப் பார்த்தவை வேறு ஜாதிக் கொசுக்கள்.

1897-ல் ஊட்டிக்கு வந்தார். அருகே சீகூர் மலைச்சரிவில் அவரையே மலேரியா பிடித்தது. அங்குதான் இறக்கையில் புள்ளிகள் கொண்ட கொசுவைப் பார்த்தார்.

ஓர் அணா கூலி

செகந்திராபாத் திரும்பியதும் உசேன்கான் என்ற நோயாளியை இத்தகைய கொசுக்கள் கடிக்க ஏற்பாடு செய்தார். ஒரு கொசு கடித்தால் ஓர் அணா கூலி! ஆகஸ்ட் 20-ந்தேதி, அந்தக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமி வளர்வதைக் கண்டார்.

1898-ல் கல்கத்தாவில் குருவிகளை வைத்துச் சோதித்தார். கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. கடிக்கும்போது உமிழ்நீரோடு ரத்தத்தில் கலக்கிறது என்று நிரூபித்தார். மனிதருக்கும் அப்படியே என்பதை இத்தாலிய விஞ்ஞானி கிராசி குழுவினர் அதே ஆண்டில் காட்டினார்கள்.

1902-ல் ராசுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1932-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந்தேதி லண்டனில் காலமானார்.

நமக்கு என்ன?

பெண் கொசு தண்ணீரில் முட்டை இடும். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்கச் சுமார் பத்து நாட்கள் போதும். அதற்குள் தண்ணீரைக் கொட்டினால் கொசு இல்லை.

டெங்கு பரப்பும் கொசு வேறு ஜாதி. அது வீட்டு டிரம்மிலும் பூந்தொட்டித் தட்டிலும் பிறப்பது. ரிச்சர்ட்ஸ் டவுன் ஆனாலும் வேறு பேட்டை ஆனாலும், குழாயில் தண்ணீர் வரும்போது பிடித்து வைப்பவர்கள் டிரம்மை இறுக மூடவேண்டும். வாரம் ஒரு முறை காலி செய்து தேய்த்துக் கழுவவேண்டும். பெங்களூரில் ராஸ் அன்று செய்ததும் அவ்வளவுதான். அதற்குக் காசும் தேவையில்லை, பட்டமும் தேவையில்லை.