கஜானா காலி... கூரையில் 14 டன் தங்கம்! யார் இந்த சுல்தான் அப்துல்மெஜித்?

துருக்கியின் இஸ்தான்புல்லுக்கு டூர் போறவங்க தவறாமல் எட்டிப் பார்க்கும் இடம், பாஸ்பரஸ் நீரிணைக் கரையில் நிற்கும் டோல்மாபாச்சே அரண்மனை. 285 அறைகள், 46 கூடங்கள். கூரைகளை அலங்கரிக்கும் தங்கம் மட்டுமே 14 டன்!

கட்டியவர், ஓட்டோமான் சுல்தான் முதலாம் அப்துல்மெஜித்.

1823-ல் பிறந்த இவர் 1839-ல் அரியணை ஏறியபோது வயது 16. அப்பா இரண்டாம் மஹ்மூத் இறப்பதற்குச் சில நாட்கள் முன்புதான் எகிப்து படையிடம் ஓட்டோமான் ராணுவம் படுதோல்வி அடைந்திருந்தது. அந்த நிலைமையிலும் அதே ஆண்டு நவம்பரில், எந்த மதத்தவராக இருந்தாலும் உயிருக்கும் சொத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று ஆணை பிறப்பித்தார். சின்ன விஷயம் இல்லை அது. 1847-ல் பஞ்சத்தில் தவித்த அயர்லாந்துக்கு 1,000 பவுண்ட் அனுப்பியவரும் இவர்தான்.

ஆனா ஒரு குறை அவருக்கு. ஐரோப்பிய மன்னர்களின் மாளிகைகளுக்கு முன்னால் தன்னோட டோப்காப்பி அரண்மனை பழசாகத் தெரிந்தது. 1843-ல் புது அரண்மனை வேலை ஆரம்பமானது. ஆர்மீனியர்களான பல்யான் குடும்பத்துக் கட்டடக் கலைஞர்கள் கட்டினார்கள். செலவு 50 லட்சம் தங்க லிரா. எடை போட்டால் சுமார் 35 டன் தங்கம்!

நடுவில், 1853-ல் ரஷ்யாவோடு கிரிமியப் போர் வெடித்தது. கையில் காசில்லை. 1854-ல் ஓட்டோமான் வரலாற்றிலேயே முதல்முறையாக வெளிநாட்டில் கடன் வாங்கினார்கள். கடன் என்னவோ போருக்குத்தான். ஆனா அரண்மனை வேலையும் நிற்கலை, 1856-ல் முடிந்தது.

உள்ளே போனால் பெரிய கூடத்தில் தொங்கும் 4.5 டன் சரவிளக்கைப் பார்க்கலாம். மொத்தம் 750 விளக்குகள். இங்கிலாந்து ராணி விக்டோரியா கொடுத்த பரிசு என்றுதான் ரொம்ப காலம் நம்பினார்கள். 2006-ல் ரசீது சிக்கியது. முழுப் பணமும் கட்டி வாங்கிய விளக்காம்!

இவ்வளவு செலவழித்துக் கட்டியவர் அங்கே இருந்தது ஐந்தே வருஷம். 1861 ஜூன் 25-ல் காசநோயால் இறந்தார். வயது 38.

அவருக்குப் பின் தம்பி அப்துல்அஜீஸ் காலத்திலும் கடன் ஏறிக்கொண்டே போனது. 1875-ல் அரசு திவால். அப்துல்மெஜித்தின் மகன்களில் நான்கு பேர் பின்னாளில் சுல்தான் ஆனார்கள். அதில் கடைசி மகன் ஆறாம் மெஹ்மத், அப்பா இறந்தபோது ஐந்து மாதக் குழந்தை. சாம்ராஜ்யத்தின் கடைசி சுல்தானும் அவர்தான். 1922 நவம்பரில் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறி இஸ்தான்புல்லை விட்டே போய்விட்டார்.