கொல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் ஒலித்த அமெரிக்க பியானோ: ஜாஸ் கலைஞர் டெடி வெதர்ஃபோர்டின் வாழ்க்கை

கொல்கத்தா: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், சௌரங்கி சாலையிலுள்ள கிராண்ட் ஹோட்டலின் நடன அரங்கில் இரவுதோறும் பியானோ வாசித்தவர் டெடி வெதர்ஃபோர்ட். அமெரிக்காவின் கறுப்பின ஜாஸ் கலைஞரான அவர், தமது இசை வாழ்வின் பெரும்பகுதியை ஆசிய நகரங்களிலேயே கழித்தார்.

வர்ஜீனியா மாநிலத்தின் பொகஹொன்டாஸ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் 1903-ஆம் ஆண்டு பிறந்தார். சிறு வயதில் நியூ ஆர்லியன்ஸில் ஜாஸ் பயின்ற அவர், சிகாகோவில் எர்ஸ்கின் டேட் இசைக்குழுவில் சேர்ந்தார். அக்குழு 1926-இல் பதிவு செய்த இசைத்தட்டில் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டும் வெதர்ஃபோர்டின் பியானோவும் சேர்ந்து ஒலிக்கின்றன. புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸுக்கு நிகராக அவர் அப்போது மதிக்கப்பட்டார்.

ஆனால், அதே காலகட்டத்தில் அவர் ஆசியாவுக்குக் கப்பலேறினார். நிறவெறி நிலவிய தாயகத்தில் கிடைக்காத வருவாயும் மரியாதையும் ஷாங்காயில் கிடைத்தன. ஒரே இரவில் நான்கு கேளிக்கை விடுதிகளில் வாசிக்கும் அளவுக்கு அங்கு அவருக்கு வரவேற்பு இருந்தது. இதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. ஹைன்ஸின் பெயர் உலகெங்கும் பரவிய ஆண்டுகளில், வெதர்ஃபோர்டைத் தாயக ரசிகர்கள் ஏறக்குறைய மறந்தே போயினர்.

1930-களின் நடுப்பகுதியில் மும்பை தாஜ்மஹால் ஹோட்டலில் வாசித்தார். 1937-இல் பாரிஸ் சென்று பியானோ தனி இசையைப் பதிவு செய்தார். பின்னர் இந்தியா திரும்பி, கொல்கத்தாவில் சொந்தக் குழுவை நடத்தினார். அமெரிக்க, இந்திய, பர்மியக் கலைஞர்கள் அதில் ஒன்றாக வாசித்தனர். கொலம்பியா நிறுவனத்துக்காக அக்குழு இங்கு பதிவு செய்த இசைத்தட்டுகள் இன்றும் கேட்கத் தக்கவை.

ஹோட்டலுக்குள் போர்வீரர்கள் நடனமாடிக்கொண்டிருக்க, 1943 பஞ்சத்தில் அந்நகரத் தெருக்களில் மக்கள் பசியால் மடிந்தனர். காலராவும் பரவியிருந்தது. அந்நோய்க்கே வெதர்ஃபோர்டும் இரையானார். 1945 ஏப்ரல் 25 அன்று கொல்கத்தாவில் காலமானபோது அவருக்கு வயது 41. இரண்டு வாரங்களுக்குள் ஐரோப்பாவில் போர் முடிவுக்கு வந்தது.

மும்பையில் அவருடன் வாசித்து ஜாஸ் நுணுக்கங்களைக் கற்ற கோவா டிரம்பெட் கலைஞர் பிராங்க் பெர்னாண்ட், பின்னாளில் இந்தித் திரையிசையில் பணியாற்றியதுடன், 1960-களில் கொங்கணித் திரைப்படங்களையும் தயாரித்தார்.