தனக்கு விதிக்கப்படாத வரிக்காக

பிழைப்புத் தேடிக் கடல் கடந்த தமிழர் பலர். அவர்கள் மானத்தோடு வாழ வேண்டுமென்று தன் இளம் உயிரையே ஈந்த பெண்மணி தில்லையாடி வள்ளியம்மை.

இவர் 1898-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவிலுள்ள ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் முனுசாமி முதலியார் அங்கே வணிகம் செய்துவந்தார். தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி இவர் குடும்பத்தின் பூர்வீக ஊர்.

அந்நாட்டின் நேட்டால் பகுதியில் கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியத் தொழிலாளரைக் கப்பலில் கொண்டுசெல்வது 1860-இல் தொடங்கிற்று. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதக் கூலி பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தபின் மீண்டும் ஒப்பந்தக் கூலியாகாமலும் தாயகம் திரும்பாமலும் அங்கேயே தங்கியவர்கள் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி கட்ட வேண்டுமென 1895-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். அதாவது ஆறு மாதக் கூலி! பின்னர் அவர்களுடைய பிள்ளைகளில் 13 வயது நிரம்பிய பெண்களும் 16 வயது நிரம்பிய ஆண்களும்கூட இவ்வரிக்கு ஆளாயினர். வரிக்கு அஞ்சியே பலர் மீண்டும் தோட்டத்து அடிமைவாழ்வுக்குத் திரும்பினர்.

1913-இல் காந்தியடிகள் இவ்வரியை எதிர்த்து அறப்போர் தொடங்கினார். கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லாவென அவ்வாண்டு வெளியான தீர்ப்பு பெண்களையும் போராட்டத்தில் இறங்கச் செய்தது. நியூகாசில் சுரங்கத் தொழிலாளரும், அவர்களைத் தொடர்ந்து கரும்புத் தோட்டத் தொழிலாளரும் வேலையை நிறுத்தினர்.

வள்ளியம்மை தோட்டக் கூலியல்லர், வணிகரின் மகள். மூன்று பவுன் வரி அவர்மீது விதிக்கப்படவில்லை. ஆயினும் அவர் வீட்டில் இருந்துவிடவில்லை. தாயாருடன் போராட்டத்தில் கலந்துகொண்டு, 1913 டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று, மாரிட்ஸ்பர்க் சிறை சென்றார். சிறையிலேயே கொடிய காய்ச்சல் அவரைப் பற்றியது. எலும்புந்தோலுமாக வெளிவந்த அவரைக் காந்தியடிகள் கண்டு, சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என வினவினார். வருத்தமில்லை, மீண்டும் சிறைசெல்லவும் ஆயத்தமே என்றார் அச்சிறுமி. 1914 பிப்ரவரி 22-இல், தமது பதினாறாம் பிறந்தநாளன்றே, அவர் உயிர் பிரிந்தது.

அவ்வாண்டின் நடுவிலேயே இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது, திருமணங்களும் ஏற்கப்பட்டன. அந்த வெற்றியைக் காண வள்ளியம்மை இல்லை. 1915-இல் தாயகம் திரும்பிய காந்தியடிகள் தில்லையாடிக்கே சென்று அம்மண்ணுக்கு மரியாதை செலுத்தினார். இன்று அங்கே வள்ளியம்மையின் நினைவு மண்டபம் உள்ளது.

அன்புத் தோழியரே! நம் விருதுநகர் மாவட்டமோ வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் ஊரைவிட்டுப் போகிறவர்களை நாம் அறிவோம். நம் பகுதி நூற்பாலைகளுக்கு வடமாநிலங்களிலிருந்து பிழைக்க வருவோரையும் காண்கிறோம். சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளர் பலர் நம் வீட்டாரே. அவர்கள் உழைப்பு நமக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்தவரின் உழைப்பும் அதே உழைப்பன்றோ? அவருக்குக் கூலி குறைந்தால், அது நம் வீட்டுக் கவலையன்று என்று இருந்துவிடலாமா? தன்மீது விழாத சுமையைத் தன் சுமையாக ஏற்ற வள்ளியம்மைக்கு அப்போது நம் வயதுதான்!