கணிதச் செல்வர் மகாவீராசாரியர்

மத்திகிரி எல்லைக்கு அப்பாலுள்ள கன்னட நாட்டை 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தவர் மகாவீராசாரியர் என்னும் சமணப் பெரியார். கணிதத்தை வானநூலினின்று பிரித்து, சுமார் 850இல் கணிதசாரசங்கிரகம் என்னும் வடமொழி நூலை இயற்றினார்.

சீராக ஏறும் எண்வரிசையின் கூட்டுத்தொகைக்கு அவர் தந்த விதி நம் பிள்ளைகளுக்கும் பயன்படும். 3, 7, 11, 15, 19 என்னும் ஐந்து எண்களைக் கொள்வோம். ஐந்தில் ஒன்று குறைத்துப் பாதியாக்க இரண்டு. ஏற்றமாகிய நான்கால் பெருக்க எட்டு. முதலெண் மூன்றைக் கூட்டப் பதினொன்று. நடு எண்ணும் சராசரியும் இதுவே. ஐந்தால் பெருக்கின் கூட்டுத்தொகை 55. இடைவெளி சீர்குலையின் இவ்வொற்றுமை நிற்குமென்பது உறுதியன்று. 19க்கு ஈடாக 39 வரின் நடு எண் மாறாது, சராசரியோ 15 ஆகிவிடும்.

ஏட்டுச்சுவடிகளில் உறங்கிய இந்நூலைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் 1912இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். அதன் பின்னரே மேனாட்டுக் கணித வரலாற்றாசிரியர் இவரைப் பெரிதும் அறிந்தனர். தெலுங்கரோ, பாவுலூரி மல்லனரின் மொழிபெயர்ப்பால் 11ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர்.