கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா, குழந்தைகளே? நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. காரவள்ளி என்ற அடிவார ஊரில் இருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள்! எண்ணிக்கொண்டே போகலாம் என்று ஆரம்பிப்பவர்கள் பாதி வழியில் தலை சுற்றி, எண்ணுவதை விட்டுவிடுவார்கள். மேலே போய்ச் சேர்ந்தால் பலா, அன்னாசி, மிளகு, மலை வாழை, ஆகாய கங்கை அருவி என்று கண்ணுக்கு விருந்துதான்.

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, சங்க காலத்தில், இந்த மலையை ஆண்டு வந்தவன் ஓரி. வில் வித்தையில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அதனால்தான் வல்வில் ஓரி என்ற பெயர்.

அவன் வில்லின் வலிமையைச் சொல்லும் ஒரு சுவையான நிகழ்ச்சி புறநானூற்றில் இருக்கிறது. வன்பரணர் என்ற புலவர் பாணர் கூட்டத்தோடு காட்டு வழியே போய்க் கொண்டிருந்தார். அங்கே ஒரு வேடன். அவன் விட்ட ஒற்றை அம்பு யானையை வீழ்த்தியது. அதோடு நிற்காமல் ஒரு புலி, ஒரு மான், ஒரு காட்டுப்பன்றி என வரிசையாகத் துளைத்துக்கொண்டு போய், கடைசியில் புற்றில் இருந்த உடும்பின் உடலில் தைத்து நின்றது. ஒரே அம்புக்கு ஐந்து விலங்குகள்! (புலவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பாரோ என்று உங்களுக்குத் தோன்றினால், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.)

வேடனின் மார்பில் சந்தனம், ஆரம். இவன் சாதாரண ஆள் இல்லை என்று புலவருக்குச் சந்தேகம். பாணர்கள் யாழ் மீட்டி, முழவு கொட்டிப் பாடினார்கள். பாட்டில் தன்னை அரசன் என்று புகழ்ந்ததும் வேடன் வெட்கப்பட்டுத் தலை குனிந்தான். யார் என்று புரிந்துவிட்டதல்லவா? ஓரியேதான்! தன் பெயரைச் சொல்லாமலே மான் இறைச்சியைச் சமைத்துத் தந்தான். தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணிகளையும் அள்ளிக் கொடுத்தான்.

இன்னொரு முறை வன்பரணரின் கூட்டத்தார் அவனிடம் போனபோது, வெள்ளி நாரில் தொடுத்த மணிப்பூக்களையும் யானைகளையும் பரிசாகப் பெற்றார்கள். அங்கே சாப்பிட்ட சாப்பாட்டில் ஆடவும் முடியவில்லையாம், பாட்டும் மறந்து போனதாம்.

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியையும், மயிலுக்குப் போர்வை தந்த பேகனையும் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கடையெழு வள்ளல்கள் என்ற அந்த ஏழு பேரில் ஓரியும் ஒருவன். திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியும், தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியும் அதே ஏழு பேரில் அடங்குவர். தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தானே, அந்த அதியமான்தான்.

மூன்று பேரும் கொடை வள்ளல்கள். மூன்று பேரும் புலவர்களின் அன்பைப் பெற்றவர்கள். இவர்களுக்குள் வந்த சண்டைதான், பெரிய சேர நாட்டையே தொலைதூரப் போருக்கு இழுத்து வந்தது.

இந்தப் போர்களில் எது முன், எது பின் என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. சங்கப் புலவர்கள் தேதி போட்டு எழுதவில்லையே! அறிஞர்கள் பலர் சொல்லும் வரிசையை இங்கே சொல்கிறேன்.

முதலில் காரியைத் தெரிந்துகொள்ளுங்கள். பெண்ணையாற்றங்கரைக் கோவலூரும் முள்ளூர் மலையும் அவனுடையவை. நாடு சிறியது, படையோ பயங்கரமானது. சேர, சோழ, பாண்டியர் என்ற மூவேந்தர்களே போர் வந்தால் அவனுக்கு ஆள் அனுப்பித் துணைக்கு அழைப்பார்கள். அந்த உதவிக்குக் கிடைத்த செல்வத்தையும் அவன் தன்னைத் தேடி வந்தவர்களுக்கே கொடுத்துவிடுவான்.

அந்தக் கோவலூரின் மீது அதியமான் படையெடுத்து வென்றான். இந்த வெற்றியைப் பரணர் பாடியதாக ஔவையாரே குறிப்பிடுகிறார். திருக்கோவிலூர் அருகே ஜம்பை என்ற ஊரில் 1981-ல் ஒரு பழைய கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். அதில் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் தமிழ் பிராமி எழுத்தில் அப்படியே இருக்கிறது. அதியமானின் கை அந்தப் பக்கம் வரை நீண்டிருந்தது என்பதற்கு அது சாட்சி.

நாட்டை இழந்த காரி எங்கே போவான்? பெரிய வேந்தனின் துணை தேவை. சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையிடம் போய்ச் சேர்ந்தான். இரும்பொறை என்ற பெயர் கொண்ட சேரர் கிளையினர் கொங்கு நாட்டுப் பக்கம் செல்வாக்கோடு இருந்தவர்கள். கரூருக்கு அருகே புகளூரில் உள்ள மலைக்குகையில் ஓர் இரும்பொறை மன்னன், அவன் மகன், பேரன் என்று மூன்று தலைமுறைப் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன.

கோவலூரில் நடந்த சண்டைக்கும் சேரனுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒரு சம்பந்தமும் இல்லை. கரூரில் இருந்து கோவலூர் நேர்கோட்டில் அளந்தாலே 150 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் காலத்தில் யானையும் காலாட்படையும் நடந்தே போக வேண்டிய தூரம். ஆனால் அடைக்கலம் கொடுத்தாகிவிட்டது. நண்பனின் பகைவன் நமக்கும் பகைவன் என்று ஆகிவிடுகிறது அல்லவா? காரியைப் போன்ற வீரன் தன் பக்கம் இருந்தால் நல்லது என்றும் சேரன் கணக்குப் போட்டிருப்பான்.

இப்போது அட்லசை எடுத்துத் தமிழ்நாடு படத்தைப் பாருங்கள். தெற்கே கரூர், வடக்கே தர்மபுரி. நடுவில், சற்றுக் கிழக்கே கொல்லிமலை. பாவம் ஓரி! அவன் கோவலூர்ச் சண்டையில் தலையிட்டதாக எந்தப் பாட்டும் சொல்லவில்லை. ஆனால் அவனுடைய மலை இருந்த இடம் அப்படி. தேனும் பலாவும் யானையும் நிறைந்த வளமான மலை வேறு.

சேரனுக்காகக் காரி கொல்லிமலைக்குப் படையோடு வந்தான். இரண்டு வீரர்களும் குதிரை ஏறி மோதினார்கள். காரியின் குதிரைக்குப் பெயர் காரி. ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. சிறுபாணாற்றுப்படை என்ற நூல் இதைச் சொல்கிறது. ஐந்து விலங்குகளைத் துளைத்த வில்லால் அன்று தன் தலைவனைக் காப்பாற்ற முடியவில்லை. ஓரி கொல்லப்பட்டான்.

வென்ற காரி, ஓரியின் ஊருக்குள் பெரிய தெரு வழியாக நுழைந்தபோது எழுந்த கூச்சலைக் கபிலர் ஒரு நற்றிணைப் பாட்டில் உவமையாகச் சொல்கிறார். நினைத்துப் பாருங்கள், தங்கள் தலைவனைக் கொன்றவன் தங்கள் தெருவிலேயே வருகிறான். காரி அந்த மலையைத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை, சேரனுக்குக் கொடுத்துவிட்டான்.

கதை இதோடு முடிந்திருந்தால் ஒரு மலையோடு போயிருக்கும். ஆனால் கொல்லி சேரன் கைக்குப் போனதும் தகடூருக்கு ஆபத்து பக்கத்தில் வந்துவிட்டது. அதியமான் சும்மா இருப்பானா? அவனும் துணை தேடினான். சோழனும் பாண்டியனும் அவன் பக்கம் சேர்ந்தார்கள். சேரன் மேலும் பெரியவனாக வளர்வதை அவர்கள் எப்படிப் பொறுத்துக்கொள்வார்கள்? கோவலூர் என்ற ஒரு சின்ன நாட்டில் பற்றிய தீயில் இப்போது மூவேந்தர்களும்!

இதே போல 1914-ல் ஐரோப்பாவில் நடந்தது. சரயேவோ என்ற ஊரில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஆஸ்திரியா செர்பியா மீது பாய்ந்தது. செர்பியாவுக்கு ரஷ்யா துணை, ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி துணை, ரஷ்யாவுக்கு பிரான்ஸ் துணை. பிறகு பிரிட்டன். அந்த ஆண்டு செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் கப்பல் நம் சென்னைத் துறைமுகத்தின் மீதே குண்டு வீசியது. சரயேவோ எங்கே, சென்னை எங்கே!

சரி, கொல்லிக்கு வருவோம். கொல்லிக் கூற்றத்தில் நீர்கூர் என்ற இடத்தில் பெரும்போர் நடந்தது. அதியமானையும் இரண்டு பெருவேந்தர்களையும் சேரன் ஒரே களத்தில் வென்றான் என்கிறது பதிற்றுப்பத்து. அவர்களுடைய முரசையும் குடையையும் கைப்பற்றினான். பிறகு தகடூர்க் கோட்டையையும் தகர்த்தான். அதனால் அவனுக்குத் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை என்றே பெயர் வந்துவிட்டது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாடல்களைப் பெரியவர்களிடம் கேட்டுப் படித்துப் பாருங்கள், நெஞ்சு கனக்கும். இந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று ஒரு தனி நூலே இருந்தது. முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை, சில பாடல்கள் மட்டும் மிஞ்சின.

சேரனும் கெட்டவன் அல்ல என்பதுதான் ஆச்சரியம். மோசிகீரனார் என்ற புலவர் களைப்பில், தெரியாமல், முரசு வைக்கும் கட்டிலில் ஏறித் தூங்கிவிட்டார். அந்தக் காலத்தில் அது மரண தண்டனைக்கு உரிய குற்றம். ஆனால் வாளோடு வந்த இந்தச் சேரன், புலவர் எழும் வரை பக்கத்தில் நின்று விசிறி வீசினான்! அவனைப் பாடிய அரிசில்கிழாருக்குத் தன் அரியணையையே பரிசாகத் தர முன்வந்தான். அவர் அரியணை வேண்டாம், அமைச்சர் வேலை போதும் என்றார். இத்தனை மென்மையான மனம் கொண்டவன்தான் தகடூரைத் தகர்த்தவனும்.

சங்கப் பாடல்களைப் புரட்டினால் ஒரு வேடிக்கை. கொல்லிமலையில் பாவை என்றொரு அழகிய சிலை இருந்ததாகப் புலவர்கள் அடிக்கடி பாடுவார்கள். குறுந்தொகையில் அந்த மலை வல்வில் ஓரியின் மலை. அகநானூற்றில் வேறொரு புலவரிடம் அதுவே சேரன் பொறையனின் மலை. மலை அங்கேயேதான் இருந்தது. சொந்தக்காரர் பெயர்தான் மாறியது.

ஆனால் மலைவாசிகள் ஓரியை மறக்கவில்லை. ஆண்டுதோறும் ஆடி மாதம் 17, 18 தேதிகளில் அங்கே வல்வில் ஓரி விழா நடக்கிறது. அருவியில் குளித்துவிட்டுச் செம்மேட்டுக்குப் போனால், குதிரை மேல் வில்லோடு அமர்ந்திருக்கும் ஓரியின் சிலையைப் பார்க்கலாம். கூட வரும் நண்பர்களிடம் அந்தக் குதிரையின் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத்தான் விடை தெரியுமே!